மனைப்புறத்து அரவங்கள்

‘பாம்பென்றால் படையும் நடுங்கும்’ என்பது நாம் இளமை முதற்கொண்டு கேட்டுவரும் பழமொழி. ‘பாம்பின் கால் பாம்பறியும்’ என்பது அதனோடு சேர்ந்து வழங்கும் மற்றொரு பழமொழி. முன்னது அச்சத்தைக் கூறுகிறது. பின்னது அறிவைக் கூறுகிறது. தமிழகத்து நாட்டுப்புறத்தில் மனிதனும் நச்சரவமும் அருகருகே வாழ்ந்துவந்த நெடிய வரலாறு, இவ்விரு பழமொழிகளுக்கும் இடைப்பட்ட வரலாறே ஆகும்.

வரலாறு என்றவுடன் மூவேந்தரின் கொடிகளும் கோட்டை கொத்தளங்களும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. மாட்டுத் தொழுவத்துக்கும் வைக்கோற்போருக்கும் கொல்லைப்புறத்து விறகடுக்குக்கும் ஒரு வரலாறு உண்டென்று நாம் எண்ணுவதில்லை. ஆயினும் நம் பாட்டன் பாட்டிமாரின் வாழ்வும், சில வேளைகளில் சாவும், இவ்விடங்களிலேயே நிகழ்ந்தன.

பிழைப்பின் பொருட்டு ஐதராபாத்தில் வந்து குடியமர்ந்த நமக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். இரண்டு காரணங்கள் உள. விடுமுறைப் பயணச் சலுகையில் கோடைதோறும் சொந்த ஊர் செல்லும் நம் பிள்ளைகளுக்குச் சாரைக்கும் விரியனுக்கும் வேறுபாடு தெரியாது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நமக்கும் தெரியாமற் போய்விட்டது. இஃது ஒன்று. மற்றொன்று, நம் ஊர் வயலில் பிடிபடும் பாம்பின் நஞ்சுக்கும் நாம் குடியிருக்கும் இந்நகருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அது யாதென்பது இக்கட்டுரையின் இறுதியில் விளங்கும்.

சொல்லும் வழிபாடும்

ஒரு பொருளை ஒரு சமுதாயம் எவ்வளவு கூர்ந்து நோக்கியது என்பதை அதற்கு வழங்கும் பெயர்களைக் கொண்டு அறியலாம். பாம்பு, அரவு, பாந்தள், பணி, உரகம், மாசுணம், கட்செவி என நிகண்டு நூல்கள் அடுக்கிச் செல்கின்றன. இவற்றுள் ‘கட்செவி’ என்னும் சொல் சிந்திக்கத்தக்கது. பாம்புக்குப் புறச்செவி இல்லை என்பதைக் கண்டவர்கள், கண்ணே செவியாகவும் தொழில் செய்கிறது போலும் என்று கருதி இட்ட பெயர் அது. பாம்பு தரையின் அதிர்வைத் தன் தாடை எலும்பின் வழியாக உட்செவிக்கு வாங்கிக்கொள்கிறது என்பதும், காற்றில் வரும் ஒலிகளுள் சிலவும் அதற்கு எட்டும் என்பதும் இன்றைய அறிவியலின் முடிபு. விளக்கத்தில் முன்னோர் தவறினர். ஆனால் புறச்செவி இல்லை என்ற நோக்கில் அவர்கள் தவறவில்லை.

ஊர்மக்கள் வழங்கிய பெயர்கள் இன்னும் பயனுடையன. படமெடுப்பது நல்ல பாம்பு. உடலில் கட்டுக்கட்டாக வெள்ளை வரியுடையது கட்டுவிரியன். முதுகில் சங்கிலிக் கண்ணிபோல் வட்டங்கள் கொண்டது கண்ணாடி விரியன். உடலைச் சுருட்டிச் செதில்களை உராய்ந்து ‘சரசர’ என ஒலியெழுப்புவது சுருட்டை விரியன். இந்திய நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் இருப்பினும், நாட்டுப்புற மனைகளின் அருகே வாழ்ந்து மிகுதியான உயிர்களைக் கவர்வன இந்நான்குமே. இந்நான்கையும் தனித்தனியே பெயரிட்டு வேறுபடுத்தியது எழுத்தறியா உழவரின் அறிவு என்பதை மறத்தலாகாது.

அஞ்சத்தக்க ஒன்றை ‘நல்ல’ என்று அழைத்ததும், இருள் கவிந்தபின் ‘பாம்பு’ என்ற சொல்லையே வாயெடுக்காமல் ‘பூச்சி’ என்று குறித்ததும் நம் வழக்கம். பெயர் சொன்னால் வந்துவிடும் என்பது அவ்வழக்கின் உட்கருத்து. இதனை இடக்கரடக்கல் போன்ற நாகரிகம் எனலாம். ஆனால் இதில் ஓர் இடரும் உண்டு. உறங்கும் பிள்ளையை ஏதோ கடித்துவிட்டது என்னும் பதற்றத்தில், ‘பூச்சி கடித்துவிட்டது’ என்று நகரத்து மருத்துவரிடம் சொன்னால், அவர் எதனைப் பூச்சி என்று கொள்வார்? அச்சத்தால் மறைத்த சொல், தேவையான வேளையில் உண்மையையும் மறைத்துவிடும்.

வழிபாட்டைப் பற்றி விரிக்கின் பெருகும். அரசும் வேம்பும் பிணைந்த மேடையில் நாகக்கல் நாட்டாத ஊர் தமிழகத்தில் அரிது. திருவாரூரில் இறைவன் புற்றிடங்கொண்டார் எனப் போற்றப்படுகிறார். சங்கரன்கோவிலில் புற்றுமண்ணே பிரசாதம். நாகர்கோவில் என்னும் நகரம் தன் பெயரையே நாகராசர் கோயிலிலிருந்து பெற்றது; அக்கோயில் தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர் ஆகிய சமண தீர்த்தங்கரர்களின் உருவங்களும் உள்ளமை, நாக வழிபாடு சமய எல்லைகளைக் கடந்து நின்றதற்குச் சான்று. நாம் வந்து வாழும் தெலங்கானத்திலும் இந்நிலையே. ஆதிலாபாத்தை அடுத்த கேஸ்லாபூரில் கோண்டு பழங்குடியினரின் மெஸ்ரம் குலத்தார் புஷ்ய அமாவாசையன்று தொடங்கி நடத்தும் நாகோபா விழா பெயர் பெற்றது.

இவ்வழிபாட்டால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. புற்றை இடிக்கலாகாது, நல்ல பாம்பை அடிக்கலாகாது என்ற தடை, பாம்பும் மனிதனும் ஒருவர்க்கொருவர் விலகி நடக்கும் ஓர் ஒழுங்கைத் தோற்றுவித்தது. அதே வேளையில், வழிபாடு மருத்துவமாகாது என்பதையும் நாம் உணர்தல் வேண்டும். புற்றில் ஊற்றும் பாலைப் பாம்பு இயல்பாக உண்பதில்லை. மந்திரித்த கயிறு நஞ்சை இறக்குவதில்லை. மந்திரித்துப் பிழைத்தவர்கள் என்று நாம் கேள்வியுற்றோர், நஞ்சில்லாப் பாம்பு கடித்தவர்களாகவோ, நச்சுப்பாம்பே கடித்தும் நஞ்சு உட்செல்லாதவர்களாகவோ இருந்திருப்பர்.

நெல்லும் எலியும் அரவும்

பாம்பு ஏன் மனையை நாடி வருகிறது? பழிவாங்கும் பொருட்டு என்று கதைகளும் திரைப்படங்களும் கூறும். உண்மைக் காரணம் நம் நெற்குதிரே. நெல் சேர்த்த இடத்தில் எலி சேரும். எலி சேர்ந்த இடத்தில் அரவு சேரும். மண்சுவரின் வளைகளும், வைக்கோற்போரின் அடியும், தொழுவத்தின் ஈரமும், அடுக்கி வைத்த விறகும் எலிக்கும் தவளைக்கும் புகலிடம். ஆதலின் அவற்றை உண்ணும் பாம்புக்கும் புகலிடம். அறுவடைக்குப்பின் எலி தின்னும் நெல்லைக் காப்பதில் பாம்புக்குப் பெரும் பங்கு உண்டு. உழவனுக்குப் பாம்பு பகைவனும் ஆகும், கூலி வாங்காத காவலனும் ஆகும்.

இந்நான்கு பாம்புகளும் மனிதனைச் சந்திக்கும் இடமும் நேரமும் வேறு. கண்ணாடி விரியன் வயல் வரப்பிலும் புதரிலும் அசையாது கிடக்கும். விலகி ஓடும் இயல்பு குறைவு. களையெடுப்போரும் கதிரறுப்போரும் வெறுங்காலால் மிதித்துக் கடிபடுவர். அதன் நஞ்சு குருதியின் உறையுந்தன்மையைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் தாக்கும். தெலுங்கில் இதற்கு ‘ரக்த பிஞ்ஜரி’ என்பது பெயர். பெயரிலேயே குருதி நிற்பதைக் காண்க. சுருட்டை விரியன் வறண்ட, கற்பாங்கான நிலத்துக்கு உரியது. கல்லைப் புரட்டும் கையை அது தீண்டும். நல்ல பாம்பு எலியைத் தேடித் தொழுவத்துக்கும் குதிருக்கும் வரும். பெரும்பாலும் படமெடுத்துச் சீறி எச்சரிக்கும்.

எச்சரிக்காதது கட்டுவிரியன். பகலில் வளையில் முடங்கி, இரவில் இரை தேடும்போது வீட்டினுள் நுழையும். தரையில் பாய் விரித்து உறங்குவோரின் கை கால் பட்டால் கடித்துவிடும். அக்கடியில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது; பற்குறியும் எளிதில் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவர், பின்னர் இமைகள் தாழும், நா குழறும், மூச்சுத் தசைகள் செயலிழக்கும். ‘நேற்றிரவு நன்றாகத்தான் படுத்தான்’ என்று ஊரார் வியந்து கூறிய எத்தனையோ சாவுகளுக்குப் பின்னே இவ்விரியன் இருந்திருத்தல் கூடும். நம் முன்னோர் கோடையிலும் கயிற்றுக் கட்டிலை விரும்பியது காற்றுக்காக மட்டும் என்று நாம் எண்ணியிருந்தோம். தரைக்கும் உடலுக்கும் இடையே இரண்டடி உயரமும், நன்கு செருகிய ஒரு கொசுவலையும் இருப்பின் கட்டுவிரியனின் கடி பெரிதும் தவிர்க்கப்படும் என்பது இன்றைய மருத்துவர் கருத்து.

உண்மை அறிவோடு பொய்யும் கலந்தே வந்தது. கொம்பேறி மூக்கன் கடித்தபின் மரத்தின் உச்சியிலேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்றனர்; அது நமக்குத் தீங்கு செய்யாத மரப்பாம்பு. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்றனர். அதன் கடி மனிதரைக் கொல்லுவதன்று. சாரையும் நல்ல பாம்பும் பிணையும் என்றனர். அவ்வாறு பின்னி எழுந்து நிற்பன இரண்டு ஆண் சாரைகள், அவை செய்வது போர். இப்பொய்களால் மடிந்தவை பெரும்பாலும் எலியை ஒழிக்கும் ஏதுமறியாப் பாம்புகளே.

விசாகப்பட்டினத்து மருத்துவர்

ஊர்மக்களின் பாம்பறிவு ஏட்டில் ஏறிய வரலாறு, நமக்கு அண்டையிலுள்ள தெலுங்கு நாட்டில் தொடங்குகிறது. எடின்பரோவில் பிறந்த பேட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர், 1781-ஆம் ஆண்டில் தம் சகோதரருடன் இந்தியாவுக்கு வந்து விசாகப்பட்டினத்தில் தங்கினார். தரங்கம்பாடியிலும் சென்னையிலும் இயற்கை ஆராய்ச்சி செய்த கோனிக் 1785-இல் மறைந்தபின், கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்நாடகப் பகுதி இயற்கை ஆய்வாளர் பதவி ரஸ்ஸலுக்குக் கிட்டியது. மக்கள் பாம்புக் கடியால் மாள்வதைக் கண்ட அவர், எது நச்சுப்பாம்பு, எது நஞ்சற்றது என்பதை யாவரும் எளிதில் பிரித்தறிய ஒரு வழி காணல் வேண்டும் என்று முனைந்தார். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய அவருடைய பெருநூலின் முதற்பகுதி 1796-இல் இலண்டனில் வெளிவந்தது.

அந்நூலின் சிறப்பு, பாம்புகளுக்கு ஊரார் வழங்கிய தெலுங்குப் பெயர்களையே ரஸ்ஸல் எழுதிவைத்தார் என்பது. அவற்றுள் ‘பங்காரு பாமு’, அதாவது பொன்பாம்பு, என்ற பெயரிலிருந்தே விரியன்களுள் கட்டுவிரியன் சேர்ந்த பேரினத்துக்கு ‘பங்காரஸ்’ என்ற உலகப் பொது அறிவியற்பெயர் பின்னர் அமைந்தது. தெலுங்கு உழவன் வாயில் பிறந்த சொல்லை இன்று உலகெங்கும் விலங்கியலார் ஓதுகின்றனர். கண்ணாடி விரியனுக்கோ ரஸ்ஸலின் பெயரே அறிவியலில் நிலைத்துவிட்டது.

அக்காலத்தில் ‘தஞ்சாவூர் மாத்திரை’ என்ற ஒன்று பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்தெனப் பெயர் பெற்றிருந்தது. ஐரோப்பியரும் அதனைத் தேடி வாங்கினர். வெண்பாடாணம் சேர்ந்த அம்மாத்திரையை ரஸ்ஸல் விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். நம்பத்தக்க மருந்தென அதனை நிறுவ அவரால் இயலவில்லை. புகழைக் கொண்டு மருந்தை மதியாமல் சோதனையைக் கொண்டு மதித்த அம்முறையே பிற்காலத்துக்கு வழிகாட்டியது.

அடுத்து வந்தவர் ஜோசப் பேயரர். கல்கத்தாவில் மருத்துவப் பேராசிரியராக இருந்த இவர், 1872-இல் இந்திய நச்சுப்பாம்புகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வண்ணப் படங்களுடன் வெளியிட்டார். அப்படங்களை வரைந்தவர்கள் கல்கத்தா கலைப்பள்ளியைச் சேர்ந்த இந்தியர்கள். 1869-ஆம் ஆண்டில் வங்காள மாகாணத்தையும் அதனைச் சார்ந்த பகுதிகளையும் பற்றி அவர் திரட்டிய கணக்கில் பாம்புக்கடியால் இறந்தோர் 11,416 பேர். அரசாங்கம் பாம்பைக் கொல்வோர்க்குப் பரிசு அளித்துப் பார்த்தது. பாம்புகள் மாண்டன, சாவுகள் குறையவில்லை.

ஈண்டு நாம் ஒன்றைக் கருதுதல் வேண்டும். ரஸ்ஸலின் பெயர் பாம்பில் நிற்கிறது. பேயரரின் பெயர் நூலில் நிற்கிறது. பாம்பைப் பிடித்துக் கொணர்ந்தவன் பெயரும், அதன் வழக்கங்களைச் சொல்லித் தந்தவன் பெயரும் எங்கும் நிற்கவில்லை.

நஞ்சே மருந்தாதல்

பாம்பின் நஞ்சை முறிக்கும் உண்மையான மருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தோன்றியது. பிரெஞ்சு அறிஞர் ஆல்பர்ட் கால்மெத், சைகோன் நகரில் பணியாற்றியபோது வெள்ளத்தால் ஊருக்குள் புகுந்த நல்ல பாம்புகள் பலரைக் கடித்ததைக் கண்டு ஆராயத் தொடங்கினார். குதிரைக்கு நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றினால் அதன் குருதியில் நஞ்செதிர்ப்புப் பொருள் தோன்றும். அக்குருதியின் தெளிநீரே மருந்து என்பது 1890-களில் அவரும் பிறரும் கண்ட முடிபு. ஆனால் ஒரு பாம்பின் நஞ்சுக்குச் செய்த மருந்து மற்றொன்றுக்கு உதவாது என்பதைப் பிரேசில் நாட்டு அறிஞர் வீட்டல் பிரசில் முதலியோர் நிறுவினர். ஆகவே இந்திய நாட்டில் நான்கு பாம்புகளின் நஞ்சையும் ஏற்றிச் செய்யும் ஒரே கூட்டு மருந்து வழக்கிற்கு வந்தது. பம்பாயின் ஹாப்கின் நிலையமும் 1905-இல் தோன்றிய கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் தொண்டாற்றியவை.

நான்கு பாம்புக்கும் ஒரே மருந்து என்பதால், கடித்தது எது என்று தேடி அடித்துக் கொணர வேண்டிய தேவை இன்று இல்லை. அவ்வாறு தேடச் சென்று இரண்டாம் கடி பட்டோர் உண்டு. ஆனால் மருந்து செய்ய நஞ்சு வேண்டும்; நஞ்சு வேண்டின் உயிருள்ள பாம்பு வேண்டும்; பாம்பு வேண்டின் அதனைப் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும். வரலாறு இவ்விடத்தில் மீண்டும் தமிழகத்து வயல் வரப்புக்கு வந்து சேர்கிறது.

இருளர் கண்ட கூட்டுறவு

செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளில் வாழும் இருளர்களை அவ்வூர்க்காரர்கள் அறிவர். அவர்கள் மகுடி ஊதும் பாம்பாட்டிகள் அல்லர். வயலில் எலிவளையைத் தோண்டி எலியைப் பிடிப்பதும், எலி சேர்த்த நெல்லை மீட்பதும், பாம்பைப் பிடிப்பதும், மூலிகை அறிவதும் அவர்களின் தொழில். மண்ணில் கிடக்கும் ஒரு கோடு, வளையின் வாயில் பளபளக்கும் வழவழப்பு, உரித்துவிட்ட சட்டை, எச்சம் ஆகியவற்றைக் கண்டு உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று சொல்லவல்லவர்கள். மாசி மகத்து முழுநிலவில் மாமல்லபுரக் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுவது அவர்கள் மரபு.

ஒரு காலத்தில் அவர்கள் பாம்புத்தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்தனர். சென்னையிலிருந்து இலட்சக்கணக்கில் தோல்கள் வெளிநாடு சென்று கைப்பையும் காலணியும் ஆயின. ஊதியத்தில் பெரும்பங்கு வணிகருக்கு. கடிபடும் பங்கு இருளருக்கு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்புக்கு நன்மை செய்த சட்டம், பாம்பைத் தவிர வேறு தொழிலறியா மக்களின் அடுப்பை அணைத்தது. அறம் நோக்கிச் செய்த செயலும் எளியவர் வயிற்றில் அடிக்கும் நிலை உண்டென்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அமெரிக்காவில் பிறந்து இந்தியக் குடிமகனான ரோமுலஸ் விட்டேகர், கிண்டியில் பாம்புப் பண்ணையை நிறுவியவர். இருளரிடம் பாம்பறிவு கற்றவர். அவருடைய முயற்சியும் இருளரின் ஒற்றுமையும் சேர்ந்து 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், முதலைப் பண்ணையின் வளாகத்தில் அது இயங்கிவருகிறது. வனத்துறையின் உரிமம் பெற்றுக் குறித்த எண்ணிக்கையில் மட்டுமே பாம்பு பிடிக்கலாம். பிடித்த பாம்பை மண்பானையில் வைத்துப் பேணி, ஏறத்தாழ மூன்று வாரங்களில் நான்கு முறை நஞ்செடுத்து, மீண்டும் பிடிபட்டால் தெரிந்துகொள்ளும்படி வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, மறுபடியும் காட்டில் விட்டுவிடுவர். எடுத்த நஞ்சு உறையவைத்து உலர்த்தப்பட்டு மருந்து நிறுவனங்களுக்கு விற்கப்படும். கொன்று தோலுரித்த கை, கொல்லாமல் நஞ்செடுக்கும் கையாக மாறியது. பாம்பும் பிழைத்தது, பிடித்தவனும் பிழைத்தான், கடிபட்டவனும் பிழைத்தான்.

2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்கள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டனர். அங்குள்ள சதுப்புக் காடுகளில் பெருகி உள்நாட்டு விலங்குகளை அழித்துவந்த பர்மிய மலைப்பாம்புகளை அவர்கள் சில வாரங்களில் இருபதுக்கும் மேல் பிடித்துக் கொடுத்தனர். 2023-இல் இவ்விருவர்க்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. ரஸ்ஸல் காலம் தொட்டுப் பெயரின்றி நின்றவன், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் தன் பெயராலேயே அரசவையில் அழைக்கப்பட்டான்.

ஆயினும் மகிழ்ச்சியோடு நாம் நின்றுவிடலாகாது. அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்டோருள் இருளர் பலர் இருந்தனர் என்பதும் அண்மைக்கால வரலாறே. பாம்பு வந்தால் மட்டும் வாசலுக்கு அழைத்து, பாம்பு போனபின் வாசலிலேயே நிறுத்தியது நம் பழக்கம். இதனை எழுதும்போது நமக்கு நாணம் வருகிறது.

ஐதராபாத்தும் நாமும்

இனித் தொடக்கத்தில் குறித்த தொடர்பைக் கூறுவோம். நஞ்செதிர் மருந்து செய்யும் இந்திய நிறுவனங்கள் மிகச் சிலவே. அவற்றுள் வின்ஸ் பயோபுராடக்ட்ஸ் நம் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. வடநெம்மேலியில் இருளர் எடுக்கும் நஞ்சு இத்தகைய நிறுவனங்களை அடைந்து, குதிரைகளுக்கு ஏற்றப்பட்டு, மருந்தாகிச் சிறு குப்பிகளில் நாடெங்கும் செல்கிறது. தமிழக வயலில் தோன்றியது தெலங்கானத்து உழவனின் உயிரைக் காக்கிறது. பிழைக்க வந்த நாம் இந்நாட்டுக்கு என்ன கொடுத்தோம் என்று எவரேனும் கேட்பின், நம் வரிசையில் நாம் நினைத்தும் பாராத இருளனையும் சேர்த்தே விடை கூறல் வேண்டும்.

மருந்து இருந்தும் சாவு குறைந்தபாடில்லை என்பதே கவலைக்குரியது. 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சம், அதாவது சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. மாண்டோரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் 15 வயதுக்குட்பட்ட சிறார். மிகுதியும் பாதிக்கப்பட்ட எட்டு மாநிலங்களுள், தெலங்கானம் உள்ளிட்ட பழைய ஆந்திரமும் ஒன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது. 2024-இல் மத்திய அரசு, 2030-க்குள் இச்சாவுகளைப் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் தேசியச் செயல்திட்டம் வகுத்தது. அவ்வாண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது. ஒரு பகுதியில் எடுத்த நஞ்சால் ஆன மருந்து, தொலைவான பகுதிப் பாம்பின் நஞ்சை அதே வலிமையுடன் முறிப்பதில்லை என்பதும் இப்போது ஆராயப்பட்டு வருகிறது.

நகரத்தில் வாழ்வதால் நாம் பாம்பை விட்டு விலகிவிட்டோம் என்று எண்ணுதல் பிழை. ஏரிக்கரையும் பாறைமேடும் மனைகளாகப் பிரிக்கப்பட்டு நம்மவர் பலர் வீடு கட்டியுள்ள புறநகர்களில், கல் குவிந்த காலி மனை ஒவ்வொன்றும் பழைய வைக்கோற்போரின் வேலையைச் செய்கிறது. பாம்பு நம் வீட்டுக்கு வரவில்லை. அதன் வீட்டுக்கு நாம் சென்றிருக்கிறோம். 1995-இல் இந்நகரில் தோன்றிய ‘ஃப்ரண்ட்ஸ் ஆஃப் ஸ்நேக்ஸ் சொசைட்டி’ என்னும் தொண்டமைப்பினர், அழைத்தால் வந்து பாம்பைப் பிடித்துக் காட்டில் விடும் அரும்பணியைச் செய்துவருகின்றனர். இந்நகரில் 2005-இல் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவை இன்று தமிழகத்துச் சிற்றூரிலும் ஓடுகிறது.

ஆதலின் இம்முறை ஊருக்குச் செல்லும்போது பிள்ளைகளுக்குச் சிலவற்றைச் சொல்லிவைப்போம். இருட்டில் கைவிளக்கின்றி நடவாதே. தொழுவத்திலும் விறகடுக்கிலும் பாராமல் கையை விடாதே. தரையில் படுக்காதே, படுத்தால் கொசுவலையைப் பாயின் அடியில் நன்கு செருகிக்கொள். கடிபட்டால் ‘பூச்சி’ என்று மறைக்காதே, பாம்பென்றே சொல். கடிபட்ட உறுப்பை எலும்பு முறிந்தாற்போல் அசையாமல் வைத்து, இறுக்கக் கட்டாமல், கீறாமல், வாயால் உறிஞ்சாமல், மந்திரிக்கச் சென்று நேரம் போக்காமல், நேரே அரசு மருத்துவமனைக்குச் செல்வோம்.

இவையாவும் நம் பாட்டிமார் பாதி அறிந்தவை. மறுபாதியை அறிவியல் நிறைவு செய்தது. படையை நடுங்கவைத்த அச்சம் நம்மிடம் குறையாமல் வந்து சேர்ந்துள்ளது. பாம்பின் காலை அறிந்த அறிவை மட்டும் ஊரிலேயே விட்டுவந்தோம். அடுத்த பயணத்தில் கொல்லைப்புறத்து வரப்பில் எலிவளை தோண்டும் இருளர் ஒருவரைக் கண்டால், அவரைத் திண்ணையில் அமர்த்தி, நீர்மோர் தந்து, நம் பிள்ளைகளை அவர் எதிரே அமரச் செய்வோமாக. விட்டுவந்த அறிவு அவரிடம் பத்திரமாக இருக்கிறது.